அட்டைக் கிதாரும் கட்டுக்கோப்பும்

1

'கட்டுக்கோப்பு' என்ற சொல்லை என் விமர்சனங்களிலிருந்து எடுத்துவிட்டால் மிச்சம் அதிகம் இராது. எனக்குப் பிடித்த கவிதையைக் கட்டுக்கோப்பானது என்றும், பிடிபடாததைக் கட்டுக்கோப்பற்றது என்றும் எழுதி வந்திருக்கிறேன். நான் மட்டும் இல்லை. 1959இல் 'எழுத்து' தொடங்கிய நாள்முதல் உருவம், உள்ளடக்கம் என்று நாம் போட்டுக்கொண்ட சண்டைகளில் இரு தரப்புக்கும் பொதுவாக இருந்த சொல் இது. ஒரு தரப்பு அதைப் புகழ்ச்சியாகச் சொன்னது. மறு தரப்பு அதையே வசையாகச் சொன்னது. கட்டுவது என்ற காரியம் எப்படிப்பட்டது என்று இரு தரப்பிலும் யாரும் நின்று யோசித்ததாகத் தெரியவில்லை. தச்சுப் பட்டறையிலிருந்து இரவல் வாங்கிய சொல். இரவல் வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஒரு முக்காலிகூடச் செய்தறியாதவர்கள்.

சென்ற இரண்டு வருஷங்களில் நான் என் கையால் ஒரு கிதார் செய்தேன். ஸ்பானிய வகை, நைலான் தந்திகள். இதற்குமுன் எந்த வாத்தியத்தையும் செய்ததில்லை. வாசிப்பிலும் நான் சாதாரணம்தான். கருவி முடிந்தது, தந்தி பூட்டினேன். பிழை என்று விரல் வைத்துக் காட்ட அதில் ஒன்றும் இல்லை. நாதம்தான் இல்லை. ஏன் இல்லை என்று தேடப்போய், இத்தனை நாள் நான் பிரயோகித்து வந்த ஒரு சொல்லின் மீதும், அதை நம்பி நான் எழுதிய ஒரு மதிப்புரையின் மீதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இக்கட்டுரை அந்தச் சந்தேகத்தைப் பற்றியது.

2

கிதாரின் தந்தி தானாக அதிகம் ஒலிப்பதில்லை. அத்தனை மெல்லிய இழை எவ்வளவு காற்றை அசைத்துவிட முடியும்? அதன் அதிர்வு குதிரை வழியாக மேற்பலகைக்கு இறங்குகிறது, பலகை அசைகிறது, பலகை காற்றை அசைக்கிறது. தந்தியைக் கேட்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது உண்மையில் பலகையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஆகவே பலகை அசையக்கூடியதாக இருக்க வேண்டும். ஆனால் அதே பலகையின் மீதுதான் குதிரை ஒட்டப்பட்டிருக்கிறது. ஆறு நைலான் தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ இழுவிசையுடன் அதை இராப்பகலாக இழுத்துக்கொண்டிருக்கின்றன. பலகையின் கனமோ 2லிருந்து 2.5 மில்லிமீட்டர். அதன் அடியில் விசிறி மடிப்புகளைப்போல் விரியும் ஐந்து அல்லது ஏழு மெல்லிய சட்டங்கள். தாங்குவதற்கு இருப்பது இவ்வளவுதான்.

ஒலிக்க வேண்டுமானால் பலகை மெலிய வேண்டும். நிற்க வேண்டுமானால் தடிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் சௌகரியமாக உட்கார்ந்துகொள்ள ஓர் இடம் இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். அப்படி ஓர் இடம் கிடையாது. நல்ல கிதார், உடைந்துபோகிற எல்லைக்குச் சற்று இந்தப் பக்கமாக நிற்கிறது. அதற்குமேல் உள்ளே தள்ளி நிற்கிற ஒவ்வொரு அடிக்கும் நாதத்தில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் பின்னால் தெரிந்தது. ஆரம்பத்தில் எனக்கு இருந்தது இர்விங் ஸ்லோன் 1966இல் எழுதிய கிதார் கட்டுமான நூலின் ஒரு பிரதியும் நிறைய நம்பிக்கையும். கணக்குக்கு உட்பட்ட காரியங்களை நான் நன்றாகவே செய்தேன். உதாரணமாக மெட்டுகள். குதிரையிலிருந்து மேல்முனை வரை தந்தியின் நீளம் 650 மில்லிமீட்டர். அதை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டின் இடம், 36.48 மில்லிமீட்டரில். மிச்ச நீளத்தை மறுபடியும் அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது மெட்டின் இடம். இப்படியே போனால் பன்னிரண்டாவது மெட்டு சரியாகப் பாதியில், 325இல் வந்து நிற்கும். 16ஆம் நூற்றாண்டில் வின்சென்ஸோ கலிலி, விஞ்ஞானி கலிலியோவின் தகப்பனார், 18ஆல் வகுக்கும் விதியைச் சொன்னார். அந்த விதிப்படி போனால் பன்னிரண்டாவது மெட்டு 2 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகத் தப்பிவிடும். நான் தப்பவிடவில்லை. வாள்வெட்டுகள் எல்லாம் கோடு பிசகாமல் விழுந்தன.

வீணை செய்கிறவர் மெட்டுகளை மெழுகில் பதிக்கிறார். கரித்தூள் கலந்த மெழுகு. காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றையும் அதன் ஸ்தானத்தில் நிறுத்துகிறார். நாள்பட்டுச் சுருதி விலகினால் மெழுகை இளக்கி மறுபடி நிறுத்துகிறார். கிதாரிலோ மெட்டைக் கணக்கு நிறுத்துகிறது, வாள் நிரந்தரப்படுத்துகிறது. ஆனால் கிதாரிலும் கணக்கு கடைசிவரை வருவதில்லை. தந்தியை மெட்டில் அழுத்தும்போது அது சற்று இழுபட்டுச் சுருதி ஏறிவிடுகிறது. அதை ஈடுகட்டக் குதிரையை 1.5 அல்லது 2 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளி ஒட்ட வேண்டும். கணக்கை முழுதாக நம்பினால் காது ஒப்புக்கொள்ளாது. இதைப் புத்தகத்தில் படித்திருந்ததால் தப்பித்தேன். என் கிதாரில் சரியாக அமைந்தவை எல்லாமே இப்படி முன்கூட்டிச் சொல்லித்தர முடிந்தவைதாம்.

3

இந்தக் கட்டத்தில் அட்டைக் கிதாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அன்டோனியோ டி டோரஸ் 1817இல் ஸ்பெயினின் தென்கோடியில் அல்மேரியாவுக்கு அருகே பிறந்தவர். தச்சு கற்றவர். செவில்லியில் பட்டறை வைத்திருந்தார். 1858இல் அந்த நகரத்துப் பொருட்காட்சியில் அவர் கிதாருக்குப் பதக்கம் கிடைத்தது. இன்று ஸ்பானிய கிதார் என்று நம் மனதில் எழும் உருவம் - அதன் உடலளவு, 650 மில்லிமீட்டர் தந்தி நீளம், விசிறிச் சட்டங்களின் அமைப்பு - பெரும்பாலும் அவர் கையில் நிலைபெற்றது. விசிறிச் சட்டம் அவர் கண்டுபிடித்ததில்லை. அவருக்கு முன்பே இருந்தது. அதை எதற்காக வைப்பது என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. பெரும் புகழுக்குப் பிறகும் தொழில் சோறு போடவில்லை போலும். 1870 வாக்கில் அல்மேரியாவுக்குத் திரும்பிப் பீங்கான் கடை வைத்தார். சில வருஷங்கள் கழித்துத்தான் மறுபடி கிதார் செய்ய உட்கார்ந்தார். 1892இல் காலமானார்.

1862இல் அவர் ஒரு கிதார் செய்தார். மேற்பலகை வழக்கம்போல் ஸ்ப்ரூஸ் மரம். பக்கங்களும் அடியும் காகித அட்டை. அந்தக் கருவி இன்று பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறேன். விற்பனைக்காகச் செய்ததாகத் தோன்றவில்லை. கிதாரின் நாதம் மேற்பலகையில்தான் பிறக்கிறது என்று காட்டுவதற்காகச் செய்தது என்பதே எல்லோரும் ஏற்றுக்கொண்ட விளக்கம். ஒரு கருத்தைச் சொல்ல அவர் கட்டுரை எழுதவில்லை. எழுதியிருந்தால் எதிர்க்கட்டுரை வந்திருக்கும். கருத்தைக் கருவியாகவே செய்துவைத்துவிட்டார். நான் அறிந்தவரையில் விமர்சனம் என்ற பெயருக்குத் தகுதியான காரியங்களில் இது ஒன்று.

இந்த அட்டைக்கு நம் விவாதத்தில் என்ன வேலை? கிதார் வாங்குகிறவன் முதலில் கேட்பது பக்கமும் அடியும் என்ன மரம் என்பதை. ரோஸ்வுட் என்றால் விலை ஏறும். முதலில் பிரேசில் நாட்டு ரோஸ்வுட். அது அரிதாகிவிட்டபின் நம் தோதகத்தி, ஈட்டி என்றும் சொல்கிற மரம். அமெரிக்காவில் மார்ட்டின் கம்பெனி 1969 வாக்கில் பிரேசில் மரத்தை விட்டு இந்திய மரத்துக்கு மாறியது. 1994இல் தமிழ்நாட்டில் இந்த மரத்தைக் காக்கவென்றே தனிச் சட்டம் வந்தது. 2017இல் இவ்வினத்து மரங்கள் அனைத்தும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. முடிந்த வாத்தியங்களுக்கு மட்டும் 2019இல் விலக்குக் கிடைத்தது. இவ்வளவு கீர்த்தி உள்ள மரம். என் கிதாருக்கு ஒரு பழைய பெஞ்சுப் பலகையை அறுத்துப் பயன்படுத்தினேன். நனைத்து, காய்ந்த இரும்புக் குழாயில் வைத்து வளைத்தபோது அறை முழுவதும் அதன் வாசனை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பலகையைத்தான் தடவிப் பார்த்தார்கள்.

கவிதையில் இந்தத் தோதகத்தியின் ஸ்தானத்தில் இருப்பது விஷயத்தின் கௌரவம். புராணம், புரட்சி, கிராமம், மரணம் - ஏதோ ஒன்று. உள்ளடக்கக்காரர்கள் மரத்தைத் தடவிப் பார்த்துத் திருப்தியடைகிறார்கள். உருவக்காரர்களாகிய நாங்கள் மூட்டுகளைத் தடவிப் பார்த்துத் திருப்தியடைந்தோம். இரண்டும் தடவிப் பார்க்கிற காரியம்தான். அட்டைக் கிதார் இரு தரப்பையும் ஒரே கேள்வி கேட்கிறது: வாசித்துப் பார்த்தாயா?

அதற்காக அட்டையே போதும் என்று டோரஸ் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் அவர் ரோஸ்வுட்டிலும் சைப்ரஸ் மரத்திலும்தான் செய்தார். பக்கமும் அடியும் நாதத்துக்கு ஏதோ நிறம் தரத்தான் செய்கின்றன. எது முதல், எது பிறகு என்பதை ஒருமுறை சந்தேகமறத் தெரிந்துகொண்டு, அதன்பின் எல்லாவற்றையும் உரிய கவனத்துடன் செய்தார். எளிமைதான் கவிதை, வெறுமைதான் கவிதை என்று கிளம்புகிறவர்கள் அட்டையைக் கொடியாகப் பிடிக்க வேண்டாம்.

4

என் கிதாரில் நடந்ததைச் சொல்கிறேன்.

மேற்பலகை இரண்டு துண்டுகளை நடுவில் ஒட்டிச் செய்வது. ஒரே கட்டையை அறுத்துப் புத்தகம்போல் விரித்து, விளிம்புகளை இழைத்து, சேர்த்துப் பிடித்து விளக்குக்கு நேரே பார்க்க வேண்டும். ஒளி கசியக்கூடாது. எனக்கு அது மூன்று நாள் பிடித்தது. பிறகு வஜ்ரம் காய்ச்சி ஒட்டினேன். ஒட்டு விட்ட இடம் கண்ணுக்குத் தெரியவில்லை. அதன்பின் இழைப்புளியால் கனத்தைக் குறைக்கத் தொடங்கினேன். 4 மில்லிமீட்டர், 3.5, 3.2. அங்கே நின்றுவிட்டேன். 2.4 வரை போக வேண்டும் என்பது தெரியும். ஆனால் இழைப்புளி ரேகைக்கு எதிராகப் போய்ப் பிய்த்துவிட்டால்? 40 கிலோவில் குதிரை பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால்? இன்னும் கொஞ்சம் பலம் இருக்கட்டும் என்று விட்டேன். சட்டங்களையும் அதே மனநிலையில் கொஞ்சம் உயரமாகவே வைத்தேன்.

பலகையின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 2.4க்குப் பதில் 3.2 என்றால் கனத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல். விறைப்பு இரண்டு மடங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. சிறிய பயம், பெரிய விறைப்பு. பயத்தின் கணக்கு எங்கும் இப்படித்தான் போலிருக்கிறது.

அரக்கு மெருகு ஏற்றி முடித்ததும் பக்கத்துப் பட்டறைத் தச்சரிடம் காட்டினேன். பல தடவை எனக்கு உளி தீட்டிக் கொடுத்தவர். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் தட்டினார். "நல்லா வந்திருக்கு சார். நாலு பேர் ஏறி நின்னாலும் அசையாது" என்றார். அன்று முழுவதும் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மறுநாள் தந்தி பூட்டி மீட்டினபோதுதான் அவர் சொன்னது பாராட்டில்லை, தீர்ப்பு என்று புரிந்தது. அசையாது. மேல்தந்திகள் கொஞ்சம் கணீரென்றன, நூல்போல மெலிந்த ஒலி. கீழ்த்தந்திகளில் ஒன்றுமே இல்லை. கதவுக்குப் பின்னாலிருந்து யாரோ பேசுவது மாதிரி.

இந்தப் பயம் முதன்முறை செய்கிறவனுக்கு மட்டும் வருவதில்லை, ஸ்தாபனங்களுக்கும் வருகிறது. மார்ட்டின் கம்பெனி எஃகுத் தந்திக் கிதார்களின் மேற்பலகைக்கு அடியில் பெருக்கல் குறிபோல் குறுக்கே செல்லும் சட்டங்களை வைக்கிறது. ஒருகாலத்தில் அந்தச் சட்டங்களை இடையிடையே குடைந்து மெலிய வைத்தார்கள். வாசிக்கிறவர்கள் மேலும் மேலும் கனத்த தந்திகளைப் பூட்டினார்கள். பலகைகள் புடைத்துப் பழுதுக்குத் திரும்பி வந்தன. 1944இன் கடைசியில் கம்பெனி குடைவதை நிறுத்தியது. பழுதுகள் குறைந்தன. ஆனால் அதற்கு முந்தைய கிதார்களை வாசிக்கிறவர்கள் தேடித் தேடி வாங்கத் தொடங்கினார்கள். 1976இல் கம்பெனியே குடைந்த சட்டங்களுடன் ஒரு கிதாரை மறுபடி வெளியிட வேண்டியதாயிற்று. முப்பது வருஷத்துக்கு மேல் பழுதுபார்க்கும் இலாகாவின் பார்வையில் கிதார் செய்யப்பட்டது என்று சொல்லலாம். நம் விமர்சனத்தில் பெரும்பகுதி அந்த இலாகாவிலிருந்துதான் வருகிறது. எங்கே விரிசல், எங்கே புடைப்பு, எங்கே தாங்கல் போதவில்லை என்று பார்க்கப் பழகிய கண். ஒலிக்கிறதா என்று அது கேட்பதில்லை. ஒலியால் பழுது வந்ததாகப் புகார் எழுதுகிறவர் யாருமில்லை அல்லவா?

ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன். அப்படியானால் கவிதை தளர்ந்திருக்கலாமா என்று கேட்பார்கள். மெலிவு வேறு, தளர்வு வேறு. மூட்டில் ஒளி கசிகிற பலகை தடித்திருந்தாலும் பிளக்கும். மெல்லிய பலகைக்குத்தான் ஒட்டு இன்னும் துல்லியமாக இருக்க வேண்டும். வரம்பு மீறி மெலித்துவிட்டாலும் கிதார் கெட்டுப்போகும்: தொட்டதும் பெரிதாகச் சத்தம் போட்டு அதே வேகத்தில் ஓய்ந்துவிடும், கொஞ்ச நாளில் உள்வாங்கிவிடும். அந்த மாதிரிக் கவிதைகளும் நம்மிடம் உண்டு.

எவ்வளவு மெலிக்க வேண்டும் என்பதைப் புத்தகம் சொல்லாதா? சொல்கிறது. அது புத்தகம் எழுதினவர் கையிலிருந்த பலகைக்கு. ஒரே மரத்தின் இரண்டு பலகைகள்கூட ஒரே விறைப்புடன் இருப்பதில்லை. டோரஸின் முதுமையில் அவரை அறிந்திருந்த பாதிரியார் ஒருவர் பிற்பாடு ஒரு சம்பவத்தை எழுதிவைத்தார். விருந்தொன்றில் டோரஸிடம் அவர் தொழில் ரகசியத்தை உலகத்துக்கு விட்டுச்செல்லும்படி கேட்டார்களாம். விட்டுச்செல்ல முடியாது, அது கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேரும் இடத்தில் இருக்கிறது என்ற பொருள்பட அவர் பதில் சொன்னாராம். இதைப் படித்ததும் நம்மவர்களுக்குச் சிருஷ்டி ரகசியம், தெய்வீகம் என்று கண் செருகிவிடும். எனக்கு அதில் தெய்வீகம் எதுவும் படவில்லை. பலகையை இரு விரல்களுக்கிடையே பிடித்து வளைத்துப் பார்த்து, இந்தப் பலகைக்கு இன்னும் எவ்வளவு என்று தெரிந்துகொள்வதைத்தான் அவர் சொன்னார். ஸ்தூலமான அறிவு அது. நூற்றுக்கணக்கான பலகைகளை வளைத்துப் பார்த்தவனுக்கு வருவது. கோட்பாட்டுப் புத்தகத்தில் உள்ள கனத்தை எல்லாக் கவிதைக்கும் வைத்து அளக்கிறவனுக்கு வராதது.

5

இனி அந்த மதிப்புரை.

பல வருஷங்களுக்கு முன் ஒரு நண்பரின் முதல் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். அவர் பெயர் இங்கே வேண்டாம். தொகுப்பில் ஒரு கவிதை, எட்டு வரி. மூடிவிட்ட நெல் மில் ஒன்றின் சங்கு காலை ஆறு மணிக்கு ஊதாமல் போவதைப் பற்றியது. ஊதாத அந்த நேரத்தில் தெருவில் ஒருத்தி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றுவிடுகிறாள். கவிதையும் அங்கேயே நின்றுவிடுகிறது. ஏன் நின்றாள் என்பதற்கு ஒரு சொல் கிடையாது. நான் எழுதினேன்: படிமம் தாங்கலின்றித் தொங்குகிறது, கவிதை முடிவதற்குள் கவிஞர் கைவிட்டுவிடுகிறார், கட்டுக்கோப்பு போதாது.

இரண்டு வருஷம் கழித்து அவருடைய இரண்டாவது தொகுப்பு வந்தது. அதில் அந்தக் கவிதையைத் திருத்தி மறுபடி சேர்த்திருந்தார். இப்போது பன்னிரண்டு வரி. நின்றவளின் புருஷனுக்கு மில்லில்தான் வேலை என்பதும், சங்கு ஒரு காலத்தின் குரல் என்பதும் கடைசி நான்கு வரிகளில் தெளிவாக இருந்தன. தொகுப்பு முழுவதும் அப்படித்தான். ஒவ்வொரு படிமத்துக்கும் அடியில் ஒரு சட்டம். பாராட்டி எழுதினேன். முழுமை கூடியிருக்கிறது என்றேன். அவர் ஒரு கார்டு போட்டார், நீங்கள் சொன்னபடியே எல்லாவற்றையும் இறுக்கிவிட்டேன் என்று. நன்றி சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அதன்பின் அவர் ஒன்றும் எழுதவில்லை.

நாலு பேர் ஏறி நின்றாலும் அசையாத தொகுப்பு அது.

என் விமர்சனத்தால்தான் அவர் எழுதாமல் போனார் என்று சொல்லிக்கொள்வது என்னைப் பெரிதாக்கிக்கொள்வதாகும். எழுதாமலிருக்க ஒருவருக்கு ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் அந்தப் பன்னிரண்டு வரிகளுக்கு நான் பொறுப்பு. எட்டாவது வரியில் அவள் நின்றதும் நமக்குள்ளேயும் ஏதோ நின்றுவிடுகிறது. ஊதாத சங்கு அந்த இடத்தில்தான் கேட்கிறது. சேர்த்த நான்கு வரிகள் அதன்மேல் வைத்த கை. இதைக் கேட்கக்கூடிய காது எனக்கு அன்றைக்கும் இருந்திருக்க வேண்டும். அந்தக் கவிதை மட்டும் இத்தனை வருஷம் ஞாபகத்தில் நிற்கிறது, எட்டு வரியாகவே நிற்கிறது. ஆனால் எழுத உட்கார்ந்தபோது காதை விட்டுவிட்டு ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

கிதாரை அப்படியே விட மனமில்லை. தந்திகளைக் கழற்றி, ஒலித்துளைக்குள் கையை விட்டு, ஒரு சிறு கண்ணாடியின் உதவியுடன் சட்டங்களின் உயரத்தைச் சுரண்டிக் குறைத்தேன். மேற்பலகையின் ஓரங்களை வெளிப்பக்கமிருந்து உப்புத்தாளால் தேய்த்தேன். மூன்று மாதம் ஏற்றிய மெருகு ஒரு மத்தியானத்தில் போயிற்று. இடையிடையே விரலால் தட்டிப் பார்ப்பேன். தட்டும் ஒலி மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே வந்தது. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல், போதும் என்று தோன்றிய ஓர் இடத்தில் நிறுத்தினேன். தந்தி பூட்டியபின் குதிரைக்குப் பின்னால் பலகை லேசாகப் புடைத்திருக்கிறது. பார்க்க முன்போல் அழகாக இல்லை. கீழ்த்தந்தியில் இப்போது ஆழம் இருக்கிறது. எவ்வளவு காலம் தாங்கும் என்று சொல்ல முடியாது. தச்சர் பார்த்துவிட்டு, "கெடுத்துட்டீங்களே சார்" என்றார். வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் நின்றார்.

நண்பரின் முதல் தொகுப்பு இப்போது எங்கும் கிடைப்பதில்லை. என் பிரதியில் அந்த எட்டு வரிக்குக் கீழே பென்சிலால் 'முடிவு?' என்று எழுதியிருக்கிறேன். அதை அழிக்கப்போவதில்லை, என் கையெழுத்து அங்கே இருக்கட்டும். அந்தப் புத்தகத்தை யாராவது மறுபடி அச்சிட முன்வந்தால் பிரதி தருகிறேன். எட்டு வரியாகவே அச்சிட வேண்டும். மதிப்புரையை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.